ஐஸ் வீட்டு லைன்

எங்கள் வடக்குக் கோடி ஸ்கார்வேய் தீவில் இரண்டு யோஸ்டைன்கள் இருந்தார்கள். ஒருவன் பால் வண்டி ஓட்டினான். மற்றவன் டெலிபோன் இலாகாவில் இருபது வருஷம் கம்பம் ஏறிவிட்டு, சுற்றியுள்ள நாலு தீவுகளுக்கும் தனியாக வேலை செய்து பிழைத்தான். அதனால் அவன் பால் யோஸ்டைன், இவன் கம்பி யோஸ்டைன். இருவரும் ஐம்பது தாண்டியும் பெயர் மாறவில்லை.

ஹல்வோரின் மீன் கம்பெனிக்கு உள் டெலிபோன் பெட்டி வைத்துக் கொடுத்தவன் கம்பி யோஸ்டைன்தான். மீன் இறக்கும் மேடை, எடை மேடை, குடல் எடுக்கும் கொட்டகை, உப்பு அறை, ஐஸ் வீடு என்று முப்பது இடத்தில் ஃபோன். வெளியே பேச டிரங்க் லைன் நான்கே நான்கு. ஹல்வோர் அன்றைக்கே கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்.

"எனக்கு, ஆபீஸுக்கு, எடை மேடைக்கு, லாரிக்காரனுக்கு. இந்த நாலு ஃபோன்தான் வெளியே போகணும். மத்தவன் எடுத்தா உள்ளுக்குள்ளயே சுத்தட்டும். சீசன்ல இவனுங்க பொண்டாட்டிகிட்ட கதை பேசிக்கிட்டு லைனை அடைச்சா, படகுக்காரன் அடுத்த தீவுக்குப் போயிடுவான்."

யார் வெளியே கூப்பிட்டாலும் எதிர்முனையில் கம்பெனியின் பொது எண் மட்டுமே தெரிய வேண்டும் என்பதும் அவன் உத்தரவு. யோஸ்டைன் தலையாட்டிவிட்டு வேலையை ஆரம்பித்தான். கடைசி நாள் ஐஸ் வீட்டுச் சுவரில் ஃபோனைத் திருகிக்கொண்டிருந்தபோது, மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு, அங்கே ஐஸ் அள்ளும் பெடர் பக்கத்தில் வந்து நின்றான்.

"யோஸ்டைன், ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"ரெண்டு மணிக்கு இங்கேருந்து கிளம்புவேன். வீட்டுக்கு நடக்கப் பன்னண்டு நிமிஷம். மீன் வேகவும் அதே நேரம்தான். நான் கிளம்பும்போது சுன்னிவாகிட்ட 'போடு'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா, நான் பூட்ஸைக் கழட்டுறதுக்கும் மீன் தட்டுக்கு வர்றதுக்கும் சரியா இருக்கும். இப்ப என்னாகுது? ஒரு நாள் மாவா இருக்கு, ஒரு நாள் ரப்பரா இருக்கு."

"ஐஸ் வீட்டுக்கு வெளி லைன் கிடையாதே, பெடர்."

"அதைத்தானே கேக்குறேன். அப்புறம் இந்தக் கையைப் பாரு." ஐஸ் உடைக்கும் இயந்திரம் அவன் வலது கையில் மூன்று விரல்களின் நுனியைத் தின்றிருந்தது. "உன் பொடிப்பொடி பட்டனை எல்லாம் நான் அமுக்க முடியாது. எடுத்தா தானாப் போகணும்."

யோஸ்டைன் சிரித்தான். "ஹல்வோருக்குத் தெரிஞ்சா?"

"அவன் என்னைக்கு ஐஸ் வீட்டுக்கு வந்திருக்கான்? அவனுக்குக் குளிரும். இன்னொண்ணு, கம்பெனி நம்பர் தெரிஞ்சா அவ எடுக்க மாட்டா. மீன் வெட்ட ஆள் வேணும்னு கூப்பிடுறாங்கன்னு நினைச்சுக்குவா. என் பேருதான் வரணும்."

யோஸ்டைன் அதையும் செய்து கொடுத்தான். பெட்டிக்குள் ஐஸ் வீட்டு ஃபோனான இருபத்தேழாம் எண்ணுக்கு டிரங்க் லைனைத் திறந்துவிட்டான். கருவியை எடுத்த மாத்திரத்தில் பெடரின் மனைவி சுன்னிவா இருக்கும் வீட்டுக்குத் தானாகப் போகும்படி வைத்தான். பொது எண்ணுக்குப் பதில் இருபத்தேழின் சொந்த எண் போகும்படி மாற்றினான். சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போய், சமையலறை ஃபோனில் அந்த எண்ணுக்குப் பெடர் என்று பெயர் ஏற்றினான். சுன்னிவா காபியும் சூடான வாஃபிளும் கொடுத்தாள். ஹல்வோருக்கு யாரும் சொல்லவில்லை. மூன்று வருஷம் அந்த வீட்டில் மீன் பக்குவமாக வெந்தது.

மூன்றாம் வருஷம் அக்டோபர் பதினேழாம் தேதி பெடர் வீடு திரும்பவில்லை. மறுநாள் காலை அவன் தொப்பி துறைக்கு வெளியே மிதந்தது. படகுகள் போய்த் தேடின. பெருநிலத்திலிருந்து முக்குளிப்பவர்கள் இரண்டு நாள் வந்தார்கள். துறை விளிம்பில் கால் வழுக்கி விழுந்திருப்பான், நீரோட்டம் கால்வாய் வழியாக வெளியே இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்று முடிவு சொன்னார்கள். எங்கள் பக்கத்துக் கடல் அப்படிப் பலரை இழுத்திருக்கிறது. யாரும் மறுத்துப் பேசவில்லை. ஹல்வோர் ஐஸ் இயந்திரத்தைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றிவிட்டுப் பழைய ஐஸ் வீட்டைப் பூட்டினான்.

நவம்பர் நடுவில் சுன்னிவாவின் சமையலறையில் ஃபோன் அடித்தது. பச்சை வெளிச்சத்தில் பெடர் என்று பெயர் வந்தது.

முதல் தடவை அவள் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டாம் நாள் பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிட்டாள். ஊர் முழுக்கப் பரவியது. எவனோ விஷமம் செய்கிறான் என்று ஹல்வோர் சாவியை எடுத்துக்கொண்டு போய் ஐஸ் வீட்டைத் திறந்து பார்த்தான். ஃபோன் கருவி அதன் கொக்கியில் இருந்தது. மேலே தூசி படிந்திருந்தது. தரையில் அவன் காலடியைத் தவிர வேறு காலடி இல்லை. அவன் திரும்பப் பூட்டிவிட்டு, அதைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திக்கொண்டான்.

அழைப்பு நாலைந்து நாள் வரும். பகலில் ஒன்று, இரவில் ஒன்று. பிறகு பத்து நாள் சத்தம் இருக்காது. மறுபடி வரும். சூரியன் அடிவானத்துக்கு மேலே வராத டிசம்பர் போய், ஜனவரி பாதியில் தெற்கு மலைக்குப் பின்னால் சிவப்புக் கோடு தெரியத் தொடங்கியபோதும் அது நிற்கவில்லை. சுன்னிவா வீட்டைவிட்டு வெளியே வருவதைக் குறைத்து, கடைசியில் நிறுத்தியே விட்டாள். வலது கண்ணில் புரை. பெருநிலத்தில் போடோ நகரத்து ஆஸ்பத்திரியில் நாள் கொடுத்திருந்தார்கள். அவள் போகவில்லை. இரண்டாம் முறை நாள் கொடுத்தார்கள். அதற்கும் போகவில்லை. மகள் ஈடுன் போடோவிலிருந்து கப்பலேறி வந்தாள். வந்த மறுநாளே ஃபோன் அடித்தது. அம்மா எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் கேட்டபடி நிற்பதை அவள் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ஈடுன் யோஸ்டைனின் பட்டறைக் கதவைத் தட்டாமலே திறந்தாள்.

"அந்த லைனை நீதானே வச்சுக் கொடுத்தே. நீயே எடு."

"உங்க அம்மா என்ன சொல்றாங்க?"

"லைனை எடுத்தா போடோவுக்கு வரமாட்டேங்குறா. எடுக்காட்டியும் வரமாட்டேங்குறா. நான் என்ன செய்யட்டும்? நேத்து ஒண்ணரை மணிக்கு அது அடிச்சது, யோஸ்டைன். அப்பா பேரு. நான் அப்பா சட்டையை மடிச்சுக்கிட்டு இருந்தேன்."

யோஸ்டைன் அவளை உட்காரவைத்துக் காபி ஊற்றினான். அவள் குடிக்கவில்லை. அவன் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கம்பெனிக்குப் போனான்.

டெலிபோன் பெட்டியில் அந்த எண்ணையும் வெளி லைனையும் அழிக்க ஒரு நிமிஷ வேலை. திரையில் இருபத்தேழைத் திறந்து வைத்துக்கொண்டு யோஸ்டைன் விரலை அசைக்காமல் உட்கார்ந்திருந்தான். ஹல்வோர் பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தான்.

"ஐஸ் வீட்டுக்கு டிரங்க் எப்படி வந்துச்சு?"

"நான் கொடுத்தேன்."

"யாரைக் கேட்டு?"

"பெடரைக் கேட்டு."

ஹல்வோர் திரைக்கு இன்னும் பக்கத்தில் குனிந்தான். "எத்தனை வருஷமா?"

"மூணு."

"திருட்டுப் பயலுங்க," என்றான் ஹல்வோர். குரலில் கோபம் தங்கவில்லை. நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தான். "சரி, எந்தெந்த நேரத்துல போயிருக்குன்னு காட்டு."

பெட்டி ஒவ்வொரு அழைப்பையும் குறித்து வைத்திருந்தது. செவ்வாய் பன்னிரண்டு ஐந்து. புதன் பன்னிரண்டு ஐம்பது. வியாழன் ஒன்று முப்பத்தெட்டு. ஹல்வோர் விரலை வைத்து வரிசையாக மேலே போனான். ஒவ்வொரு நாளும் ஐம்பது நிமிஷம் தள்ளித் தள்ளி. அவன் மார்புப் பையிலிருந்து ஓத அட்டவணைப் புத்தகத்தை எடுத்து எச்சில் தொட்டுப் புரட்டினான். அவன் அப்பா படகுக்காரர்; அந்தப் புத்தகம் இல்லாமல் அவன் கழிப்பறைக்குக்கூடப் போகமாட்டான் என்று கொட்டகையில் பெண்கள் சொல்வார்கள்.

"தண்ணி ஏத்தம்," என்றான். "பாரு. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஒட்டி, பெரிய ஏத்தம் இருக்குற நாள்ல மட்டும். ஏத்தம் உச்சிக்கு வர்ற நேரம், நிமிஷம் தப்பாம. இது ஆள் வேலை இல்ல. தண்ணி எங்கயோ உன் கம்பியைத் தொடுது."

யோஸ்டைனுக்குப் புரிந்தது. உப்புத் தண்ணீர் இரண்டு கம்பியையும் சேர்த்தால், யாரோ கருவியை எடுத்ததாகப் பெட்டி நினைத்துக்கொள்ளும். எடுத்தால் தானாக வீட்டுக்குப் போகும்படி அவனே வைத்திருந்தான்.

"ஆனா அங்க தண்ணி வராதே, ஹல்வோர். துறைக்கு அடியில உத்தரத்தை ஒட்டி நானே கொண்டு போயிருக்கேன். எந்த ஏத்தத்துக்கும் ஒரு ஆள் உயரம் மேல இருக்கும்."

"அப்ப கம்பி கீழ இறங்கியிருக்கு."

"ஆறு கவ்வி அடிச்சிருக்கேன். தானா இறங்காது."

இருவரும் திரையைப் பார்த்தார்கள். யோஸ்டைன் பட்டியலை மெல்ல அக்டோபருக்குத் தள்ளினான். பதினேழாம் தேதி ஒரே ஒரு வரி இருந்தது. பிற்பகல் இரண்டு மணி எட்டு நிமிஷம். மூன்று நிமிஷம் அடித்திருக்கிறது. எடுக்கவில்லை.

ஹல்வோர் புத்தகத்தைப் புரட்டி அந்தத் தேதியைப் பார்த்தான். "அன்னைக்கு ரெண்டு மணிக்கு வத்தம்," என்றான். "சின்ன ஏத்த நாள். தண்ணி கீழ கிடந்திருக்கும்."

யோஸ்டைன் எதையும் அழிக்காமல் திரையை அணைத்தான். மறுநாள் காலை ஒன்பதரைக்கு நல்ல வற்றம். துடுப்புப் படகில் துறைக்கு அடியில் போய்ப் பார்ப்பது என்று பேசிக்கொண்டார்கள்.

அன்று இரண்டு மணிக்கு அவன் சுன்னிவாவின் வீட்டுக்குப் போனபோது அடுப்பில் மீன் கொதித்துக்கொண்டிருந்தது. தனிச் சட்டியில் ஈரலும் சினையும். ஜன்னலுக்கு வெளியே பனி விழவில்லை, காற்றில்லை, எல்லாம் நீல நிறம். மேஜையில் மூன்று தட்டு. ஈடுன் உருளைக்கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பிடு," என்றாள் சுன்னிவா. "இன்னும் இருபது நிமிஷம் இருக்கு."

எதற்கு என்று அவன் கேட்கவில்லை. தலையைக் குனிந்து சாப்பிட்டான். ஈரல் நன்றாக இருந்தது, அதைச் சொன்னான். ஹல்வோரின் புத்தகத்தில் கண்டதை எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. பச்சை வெளிச்சத்தில் அவன் ஏற்றிய பெயர். ஈடுன் கத்தியை வைத்துவிட்டு எழுந்து அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சுன்னிவா எடுத்துக் கேட்டாள். பிறகு கருவியை அவனிடம் நீட்டினாள்.

யோஸ்டைன் வாழ்நாளில் எத்தனையோ கெட்டுப்போன லைன்களைக் கேட்டிருக்கிறான். கரகரப்பு, இரைச்சல், அடுத்தவர் பேச்சு. இதிலும் கரகரப்புதான் முதலில் கேட்டது. அது கொஞ்சம் அடங்கியது. உள்ளே ஏதோ நிறைந்து, பின்வாங்கி, மறுபடி நிறைந்தது. நடுநடுவே மரத்தில் மரம் இடிக்கிற மாதிரி மெல்ல ஒரு தட்டல். அவன் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டான். தட்டல் நின்றது. அவன் மூச்சு விட்டதும் மறுபடி தொடங்கியது. கருவியை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டான்.

லைன் தானாக அறுந்த பிறகு அவள் உட்கார்ந்தாள்.

"சுன்னிவா, இது வந்து..."

"தண்ணி ஏத்தம். தெரியும்." அவள் சுவர்க் காலண்டரைக் காட்டினாள். தேதிகளைச் சுற்றிப் பென்சில் வட்டங்கள். "நான் படகுக்காரன் மக. எனக்கு யாரும் புத்தகம் காட்ட வேண்டாம். தண்ணி ஏறுனா கூப்பிடுறான், இறங்குனா விட்டுடுறான்."

"கம்பி நனையுது, சுன்னிவா. அவ்வளவுதான்."

"இருக்கட்டும். கம்பிதான் நனையுது." தட்டில் மிச்சமிருந்த மீனை முள் இல்லாமல் ஒதுக்கினாள். "அன்னைக்கு எது நனைஞ்சுது?"

அவள் அடுத்த அறைக் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஈடுனுக்குத் தெரியாது. அன்னைக்குக் காலையில சண்டை. போடோவுக்குப் போயிடலாம், இந்த ஐஸை அள்ளுனது போதும்னு சொன்னேன். 'போறதுன்னா நீ போ'ன்னுட்டுக் கதவைச் சாத்திட்டுப் போனான். ரெண்டு மணிக்கு ஃபோன் அடிச்சுது. அவன் பேரு. நான் இதோ இங்கதான் உட்கார்ந்திருந்தேன். ஆறுனதைத் தின்னட்டும்னு எடுக்கலை. எப்பவும் நான் எடுக்கலைன்னா ரெண்டு தடவை அடிச்சு நின்னுடும். அன்னைக்கு நிக்கவே இல்லை. ரொம்ப நேரம். எவ்வளவு கோவமா இருந்தாலும் அவன் அப்படி விடாம கூப்பிடுற ஆள் இல்லை. எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு. அப்பவும் எடுக்கலை."

அவள் எழுந்து தட்டுகளை அடுக்கினாள்.

"உன் பெட்டியில அது எழுதியிருக்கா?"

"எழுதியிருக்கு."

"எவ்வளவு நேரம்?"

"மூணு நிமிஷம்."

"நான் எட்டு, பத்துன்னு நினைச்சேன்," என்றாள் சுன்னிவா. குழாயைத் திறந்து முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். "இப்ப எப்ப அடிச்சாலும் எடுத்துடுறேன்."

சனிக்கிழமை காலை குளிர் கடுமையாக இருந்தது. துறைத் தூண்களில் பாசியும் பனிக்கட்டியும் சேர்ந்து தொங்கின. ஹல்வோர் துடுப்புப் போட, யோஸ்டைன் தலையைக் குனிந்து முன்னால் உட்கார்ந்து டார்ச் அடித்தான். புதுத் துறை இரும்புத் தூண். அதற்குப் பின்னால் பழைய துறை. மரச்சட்டம் கட்டிப் பாறாங்கல் நிரப்பியது. ஐஸ் வீடு அதற்கு மேலே நின்றது. முக்குளிப்பவர்கள் இவ்வளவு உள்ளே வந்திருக்க வழியில்லை. பெரிய வற்றத்தில் மட்டுமே படகு நுழையும்.

"உன் கம்பி எங்க?" என்றான் ஹல்வோர்.

டார்ச் வெளிச்சம் உத்தரத்தைத் தொட்டது. முதல் கவ்வி இருந்தது. இரண்டாவது இல்லை. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது இல்லை; ஆணி பிடுங்கிய ஓட்டைகள் மட்டும் வெளிறித் தெரிந்தன. கம்பி உத்தரத்திலிருந்து பெரிய வளையமாக இறங்கி, சட்டத்துக்கும் கல்லுக்கும் நடுவில் இருட்டுக்குள் போனது. அதற்கு நேர் மேலே சதுரமாக ஒரு பலகைக் கதவு. ஐஸ் வீட்டுத் தரையைக் கழுவினால் கூழாகக் கிடக்கும் ஐஸைத் தள்ளிவிடுவதற்கான கதவு. அது சாத்தியிருந்தது.

"இந்தக் கதவு மேல் பக்கமாத் திறக்கும்," என்றான் ஹல்வோர். அவன் துடுப்பை நிறுத்தியிருந்தான். "கனம். கையை விட்டா தானா விழுந்து மூடிக்கும்."

யோஸ்டைன் படகிலிருந்து சட்டத்தின் மேல் ஏறினான். முப்பது வருஷப் பழக்கம். கெட்ட கம்பியைக் கண்டதும் கை தானாக, கம்பியில் மாட்டிக் கேட்கவும் பேசவும் உதவும் சோதனைக் கருவியை இடுப்பிலிருந்து எடுத்தது. வளையத்தின் மேல்பக்கம் உறை கிழிந்து செம்பு தெரிந்த இடத்தில் கருவியின் இரண்டு கவ்விகளையும் மாட்டினான். லைன் உயிரோடு இருக்கிறதா என்று கேட்கத்தான் மாட்டினான். காதில் மணி அடிக்கத் தொடங்கியது. மறுமுனையில், அவன் சொல்லாமலே, ஒரு வீட்டில் அடித்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் அவன் செய்தது அவனுக்கு உறைத்தது. கவ்வியைப் பிடுங்கக் கையை நீட்டியபோது டார்ச் சரிந்து கீழே திரும்பியது.

கற்களுக்கு நடுவில் ஆரஞ்சு நிற எண்ணெய்த்துணி மேல்சட்டை. அதற்கு அந்தப் பக்கம் ஒரு பூட்ஸ். கம்பி அந்த ஆரஞ்சுக் கையை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. சுற்றிக்கொண்டதல்ல, சுற்றிப் பிடித்தது என்று பார்த்தவுடனே தெரிந்தது.

மறுமுனையில் எடுத்துவிட்டார்கள்.

"பெடர்?"

கவ்வியைப் பிடுங்க நீட்டிய கையை யோஸ்டைன் இழுத்துக்கொண்டான்.

"இப்ப வத்தமாச்சே," என்றாள் சுன்னிவா. "இது உன் நேரம் இல்லையே."

கீழே படகு கல்லில் மெல்ல இடித்தது. ஹல்வோர் தொப்பியைக் கழற்றிவிட்டிருந்தான்.

"சுன்னிவா. நான் யோஸ்டைன்."

"இங்க அவன் பேருதான் வந்திருக்கு."

"அவன் லைன்லேருந்துதான் பேசறேன். ஐஸ் வீட்டுக்கு அடியில இருக்கேன்."

அவள் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, சின்னக் குரலில், "நீ மட்டுமா?"

"இல்லை."

"எவ்வளவு பக்கத்துல?"

"கையை நீட்டுனா தொடலாம்."

அவள் விழுந்துவிட்டாளோ என்று அவன் பயந்து பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான்.

"இருக்கேன்," என்றாள். "அன்னைக்கு அடிச்சது அவன்தானே?"

அக்டோபர் பதினேழாம் தேதி வற்ற நேரத்தில் எந்தக் கனம் அந்தக் கம்பியை இழுத்து நசுக்கியது என்பது அவன் கண் முன்னால் இருந்தது. பொய் சொல்ல நினைத்ததாக அவன் பிற்பாடு என்னிடம் சொன்னான். பெடரைப் பிப்ரவரியில் அடக்கம் செய்த அன்று, தேவாலய வாசலில் நின்று சொன்னான். ஈடுன் அம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். ஏப்ரலில் போடோவில் கண் சிகிச்சையும் முடிந்தது. பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தானாம், வரவில்லையாம்.

"அவன்தான், சுன்னிவா. கம்பியைப் பிடிச்சிருக்கான். பிடிச்சதுல அடிச்சிருக்கு. அவனுக்கே தெரிஞ்சிருக்காது."

"நான் எடுத்திருந்தா?"

"எடுத்திருந்தா இரைச்சல்தான் கேட்டிருக்கும். பேச அங்க ஒண்ணும் இல்லை. வெறும் கம்பி."

"இரைச்சல் கேட்டிருந்தா ஓடி வந்திருப்பேன்," என்றாள் அவள். அழவில்லை. சொல்லிப் பார்த்துக்கொள்வது போல இருந்தது. "வந்திருப்பேனா? தெரியலை. கோவத்துல இருந்தேன். வச்சுட்டுக்கூட இருந்திருப்பேன்."

"சுன்னிவா..."

"தண்ணி எப்ப ஏறத் தொடங்கும்?"

"தொடங்கிடுச்சு. ஒரு மணி நேரம் இருக்கு."

"அப்ப நான் வர்றேன். நீ வைக்காத."

"ஹல்வோர் ஆளுங்களைக் கூப்பிடப் போறான். நீ வர..."

"வைக்காத, யோஸ்டைன். நான் வர்ற வரைக்கும் இந்த லைனை வைக்காத."

அவள் கருவியை மேஜை மேல் வைப்பது கேட்டது. நாற்காலி நகர்ந்தது. அலமாரிக் கதவு. ஈடுனின் குரல் ஏதோ கேட்டது. பதில் இரண்டே சொல், புரியவில்லை. பூட்ஸைத் தரையில் தட்டிப் போட்டுக்கொள்ளும் சத்தம். வெளிக்கதவு சாத்தியது. அதன் பிறகு ஆளில்லாத சமையலறை மட்டும் அவன் காதில் இருந்தது. சுவர்க் கடிகாரம். அடுப்பில் எதுவோ கொதித்து மூடியைத் தட்டிக்கொண்டிருந்தது.

ஹல்வோர் படகைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். தண்ணீர் கல் கல்லாக ஏறியது. குளிரில் யோஸ்டைனுக்கு விரல் மரத்துப்போனது. கருவியைத் தோளில் இடுக்கிக்கொண்டு, வெளிச்சத்தை அந்தக் கையின் மேலேயே வைத்திருந்தான். பன்னிரண்டு நிமிஷ வழி. அவள் அதைவிடச் சீக்கிரம் வந்துவிட்டாள். தலைக்கு மேலே ஹல்வோரின் சாவியில் ஐஸ் வீட்டுப் பூட்டு திறந்தது. பலகையில் அவள் நடந்து வந்தாள். அந்தச் சதுரக் கதவின் மேல் வந்து நின்றாள்.

"யோஸ்டைன், வந்துட்டேன்."

அவன் கவ்விகளைக் கழற்றினான்.